ஞானதுரை அண்ணாச்சியின் ரெக்சின் பெட்டி

ஞானதுரை அண்ணாச்சி இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். கடையில் ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் அண்ணாச்சியின் படத்தைப் போட்டு, கீழே இரண்டு மெழுகுவர்த்தியை எரியவிட்டு, பின்னால் ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் பிறந்தநாள் வாழ்த்து என்றுதான் நினைத்தேன். பாட்டு காதில் விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி விழுந்துவிட்டது. வேறொன்றை எடுத்து ஒட்டிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

அந்தப் பாட்டு அண்ணாச்சிக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "செத்த வீட்டுக்குன்னே எழுதுன பாட்டு வே அது. உயிரோட இருக்கவன் கேட்டா ஆயுசுல ஒரு வருசம் கொறஞ்சிரும்" என்பார். அதுவும் பாதிச் சரணத்தில் அறுந்து, அடுத்த ஸ்டேட்டஸ் வந்துவிட்டது. யாரோ வீட்டுக் காதுகுத்து. அவரே பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

சங்கரன்கோவிலில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் 'ஞானம் ரெக்கார்டிங்' என்று ஒரு கடை இருந்தது. காலி கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டு போனால் பதிந்து தருவார். நான் அந்தக் கடைக்கு எதிர்க்கடைக்காரன். அவருடைய வியாபாரத்தைப் படுக்க வைத்தவன் என்று என்னைச் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவரிடம் பட்டியலைக் கொடுப்பது எளிது. அந்தப் பட்டியலில் இருப்பது அப்படியே கேசட்டில் வரும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் வரிசையை மாற்றுவார். தறிச் செட்டில் வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "எம் பாட்டு, எங் கேசட்டு, ஒமக்கு என்ன வே?" என்றார். அண்ணாச்சி அசரவில்லை. "பாட்டு நல்லாருந்தா மட்டும் போதாது வே. அதுக்கு முன்னாடி வந்த பாட்டும் நல்லாருக்கணும். நீரு எழுதியிருக்க வரிசையில கேட்டா ஒம்ம வீட்டம்மா மூணாவது பாட்டுல எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் போட்டுத் தாரேன். பிடிக்கலன்னா திருப்பிக் கொண்டாரும்." அந்த மனுஷன் திருப்பிக் கொண்டு வரவில்லை. அடுத்த மாதம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

எதிரே நான் கம்ப்யூட்டரோடு கடை போட்டபோது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு சி.டி.யில் நூற்றைம்பது பாட்டு என்று போர்டு எழுதி வைத்தேன். திறப்பு விழாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்த முதல் ஆள் அண்ணாச்சிதான். சி.டி.யை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் தன் முகம் தெரிந்ததும் தலையைச் சீவிக்கொண்டார்.

"நூத்தம்பதா? ஒருத்தன் இத எப்ப வே கேட்டு முடிப்பான்?"

"முடிக்க வேண்டாம் அண்ணாச்சி. வேணுங்கறத மட்டும் கேட்டுக்கிடலாம்."

"அப்ப மிச்சம் எதுக்கு?"

நான் சிரித்துவிட்டு அடுத்த சி.டி.யைப் போட்டேன். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. இரண்டே வருடத்தில் அவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிறகு மெமரி கார்டு வந்தது. நகத்தளவு கார்டில் ஆயிரம் பாட்டை ஏற்றிக்கொண்டு திருவேங்கடத்துக்கும் இளையரசனேந்தலுக்கும் பஸ் ஏறிப் போனார்கள். ஆடித்தபசுத் திருவிழாச் சமயத்தில் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. எதிரே அண்ணாச்சி பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் நிமிர்ந்து பார்த்தால் கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சாடையில் கேட்பார்.

வேடிக்கை என்னவென்றால், என் கடை ஓடியதே அவரால்தான். எனக்குப் பாட்டுத் தெரியாது. கம்ப்யூட்டர்தான் தெரியும். வருகிறவர்கள் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "ஆத்தங்கரையில பாவாடையத் தூக்கிக்கிட்டு ஓடுவாளே, அந்தப் பாட்டு" என்பார்கள். சிலர் தாளத்தை மட்டும் மேசையில் தட்டிக் காட்டுவார்கள். நான் கையை எதிரே நீட்டுவேன். அவர்கள் ரோட்டைத் தாண்டிப் போய் அண்ணாச்சியிடம் தட்டிக் காட்டுவார்கள். அவர் துண்டுச் சீட்டில் பாட்டின் முதல் வரி, படம், பாடியவர் எல்லாம் எழுதிக் கொடுத்து, "போங்க, சங்கர் ஏத்தித் தருவான்" என்று என்னிடமே திருப்பி அனுப்புவார். தன் வாடிக்கையாளரை எதிர்க்கடைக்கு வழி சொல்லி அனுப்பிய வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. "ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்யுதீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "பாட்டுத் தேடி வந்தவன வெறுங்கையோட அனுப்பக் கூடாது வே. யார் கை குடுத்தா என்ன?" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நினைவஞ்சலியில் செத்தவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பார்கள். ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

என்னிடம் புதுப் பாட்டுகள் மட்டுமே இருந்தன. வயதானவர்கள் கேட்ட பழைய பாட்டு, கோயில் கொடை விழாவுக்கான பாட்டு, சர்ச்சில் பாடுகிற கீர்த்தனை, கடையநல்லூர்க்காரர்கள் விரும்பிக் கேட்ட இஸ்லாமியப் பாட்டு, இவையெல்லாம் அவருடைய ரெக்சின் பெட்டி ஒன்றில் இருந்தன. ஊர் ஊராகப் போய், இசைத்தட்டு வைத்திருந்த வீடுகளில் காத்துக்கிடந்து, பதிந்து சேர்த்த கேசட்டுகள். அவருடைய சொத்து என்றால் அதுதான். நான் போய், "இளையரசனேந்தல்ல சொந்தக்காரங்க கல்யாணம் அண்ணாச்சி. மைக் செட்டுக்குப் பழைய பாட்டு வேணுமாம். ரெண்டு நாள்ல தாரேன்" என்றேன். கல்யாணமும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "வெயில்ல வைக்காத. நாடா இளகிரும்" என்று மட்டும் சொன்னார்.

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றுவதற்குக் குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் வைத்து மூன்று வாரம் ஓட்டினேன். நடுவில் இரண்டு முறை அவர், "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். "மறுவீடு இருக்கு அண்ணாச்சி" என்றேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த வாரமே 'பழைய பாடல்கள் கிடைக்கும்' என்று புதுப் போர்டு மாட்டினேன். சட்டம் பேசினால் நாங்கள் இருவருமே அடுத்தவர் பாட்டை எடுத்து விற்றவர்கள்தான். அது வேறு. நான் சொல்வது ஒரு மனுஷனிடம் கல்யாணம் என்று பொய் சொல்லிப் பெட்டியை வாங்கியதை.

பொய் ஒரு வருடம் தாங்கியது. திருவேங்கடத்தில் எங்கள் இருவருக்கும் பழக்கமான ஒருவர் வீட்டுக் கல்யாணம். மதியப் பந்தி நடக்கும்போது மேடையில் மெல்லிசைக் குழு ஒரு பழைய பாட்டைத் தொடங்கியது. நம் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு. கூட்டமும் சேர்ந்து பாடியது. இரண்டாம் சரணத்தில் கூட்டம் ஒரு வரி முன்னால் போய்விட்டது. பாடகர் பின்னால் நின்றுவிட்டார். அவர் முழித்தார், கீபோர்டுக்காரர் அதைவிட முழித்தார். "பாட்டுத் தெரியாதவன எதுக்கு வே மேடையில ஏத்துதீங்க?" என்று பந்தியிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். பாவம், பாடகர் சரியாகத்தான் பாடினார். ஊர்தான் ஒரு வரியை விட்டுவிட்டுப் பாடியது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் எப்போதோ சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் முதன்முதலில் பதிந்த இசைத்தட்டில் ஒரு கீறல். அந்த இடத்தில் முள் மாட்டிக்கொண்டு ஒரே வரியைச் சொல்லிச் சொல்லிச் சுற்றும். அவர் விரலால் முள்ளை லேசாகத் தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு வரி போய்விட்டது. பிறகு நல்ல தட்டு கிடைத்ததும் வாடிக்கையாளர்களுக்கு அதிலிருந்துதான் பதிந்து கொடுத்தார். வரி போன பதிவு அந்த ரெக்சின் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. முதல் பதிவு என்ற ஆசையில் வைத்திருந்தார். அதைத்தான் நான் அத்தனை மெமரி கார்டிலும் ஏற்றி, ஒரு தாலுகா முழுக்கப் பாட வைத்திருக்கிறேன்.

"ஏலே, அந்த வரிய முழுங்குனது நானு" என்றார் அண்ணாச்சி, எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஊரு பூரா எப்படிலே முழுங்குச்சு?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த கவளத்தைத் திரும்ப இலையிலேயே வைத்தேன். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவனுக்கு ரசம் ஊத்துங்க. தொண்டையில என்னமோ நிக்கி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அதன்பிறகும் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கடையை மூடிய பிறகும் தினம் ஒருவேளை என் கடையில் வந்து உட்கார்ந்தார். நான்கைந்து தடவை சொல்லிவிட வாயெடுத்தேன். "அண்ணாச்சி, அந்தப் பெட்டி..." என்று தொடங்கினால், "டீ சொல்லுதியா, இல்ல நான் கிளம்பவா?" என்பார். டீ சொல்லுவேன்.

அப்புறம் என் முறை வந்தது. போனிலேயே இன்டர்நெட் மலிந்து, உலகத்துப் பாட்டெல்லாம் எல்லார் கைக்கும் வந்த அந்த வருடம், பாட்டு ஏற்ற என்று ஒருவர்கூட என் கடைப் படி ஏறவில்லை. ஒரு வாரம் முழுக்க ஈ ஓட்டினேன். அண்ணாச்சி வந்து என் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி வே" என்றார். கேலிதான், ஆனால் குத்தல் இல்லை. போன் கவரும் கண்ணாடியும் போடு, போன் கீழே விழுவது மட்டும் என்றைக்கும் நிற்காது என்று யோசனை சொன்னவரும் அவரே. இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிப்பது அந்த யோசனையால்தான்.

கேசட் போயிற்றே என்று அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. புலம்புகிறவர்களைக் கண்டால் எரிச்சல்படுவார். "நாடா சிக்குனா பென்சில விட்டுச் சுத்திக்கிட்டுக் கெடந்தோமே, அது என்ன சொர்க்கமா?" என்பார். போன் வாங்கியதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். இருபது வருடமாகத் தேடிக் கிடைக்காத பாட்டு ஒன்று, பெயரைச் சொன்னதும் போனில் பாடியது. என் கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, யாரும் ஒரு பாட்டை முடியவிடுவதில்லை என்பது. ஆட்டோவில் ஏறினால், டிரைவர் பல்லவியிலேயே தள்ளித் தள்ளிவிட்டுப் போவதைப் பார்த்து, "தம்பி, அந்தப் பொண்ணு இன்னும் பாடி முடிக்கல. கொஞ்சம் மருவாதியா இரும்" என்பார். ராயகிரி போகிற வழியில் இதற்காக ஒருமுறை பாதியில் இறங்கியும் விட்டார்.

போன் தானாக அடுத்த பாட்டைத் தேர்ந்து போடுவதில் அவருக்கு அபாரமான ரசனை. அது அவருடைய வேலை அல்லவா? போட்டிக்கு உட்காருவார். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்வார். பல நாள் அவர் சொன்னது வரும். வராவிட்டால் கொஞ்சம் யோசித்துப் பார்த்து, "இதுவும் சரிதான்" என்று போனுக்கு மார்க் போடுவார். ஒருநாள் சொன்னார், "கெட்டிக்காரன் வே இவன். என்னை விடப் பாட்டுத் தெரியும். ஆனா கேக்குறவன் இன்னைக்குச் சாப்பிட்டானா, அழுதானான்னு இவனுக்குத் தெரியாது. எனக்குக் கடைக்குள்ள ஏறி வாரதப் பாத்தாலே தெரியும்."

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவர் மகள் எஸ்தர் கடைக்கு வந்தாள். மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, அப்பாவோட பாட்டெல்லாம் ஒங்ககிட்ட இருக்காமே?"

"யாரும்மா சொன்னா?"

"அப்பாதான். அந்தப் பெட்டி முழுக்க பூஞ்சை புடிச்சிட்டுல்லா? அம்மா எடைக்குப் போட்டப்ப நான் சத்தம் போட்டேன். அப்பா, 'அழாத, எல்லாம் சங்கர்ட்ட பத்திரமா இருக்கு'ன்னு சொன்னாங்க."

பத்திரமா இருக்கு. நான் திருடியதை அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க எழுந்துபோய்ப் பரணிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தூசி தட்டினேன். நல்லவேளை, ஓடியது. எல்லாப் பாட்டும் இருந்தன. "பென்டிரைவ்ல போட்டுத் தாரேம்மா" என்றேன், ஏதோ கடன் தீர்கிற சந்தோஷத்தோடு.

"பாட்டு வேண்டாம் சித்தப்பா. பாட்டுத்தான் எல்லாம் போன்லயே கெடக்கே. அப்பா பேசுவாங்கல்லா, பாட்டுக்கு முன்னாடி? அது மட்டும் போதும்."

அண்ணாச்சியிடம் கேசட் பதிந்தவர்களுக்கு இது தெரியும். எதைப் பதிந்தாலும் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். வாடிக்கையாளருக்குப் பதிந்தால் யாருக்காகப் பதிந்தது என்று சொல்வார். தன் பெட்டிக்கென்று பதிந்தால், தட்டு யார் வீட்டில் கிடைத்தது, அந்த வீட்டம்மா காப்பி கொடுத்தார்களா என்பதுவரை சொல்வார். அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. போனில் வீடியோ எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் அவர்.

அந்தப் பேச்சு இருந்தால் பாட்டு யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். அவளிடம் அதை அப்படியே சொன்னேன். கல்யாணப் பொய்யையும் சொன்னேன். இத்தனை வருடம் அவரிடம் சொல்ல முடியாததை அவர் மகளிடம் சொன்னேன்.

"எல்லாத்துலயுமா வெட்டுனீங்க?"

"எல்லாத்துலயும்மா."

வேலையில் நான் சுத்தமானவன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எஸ்தர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். திட்டவில்லை. அப்பாவைப் போலவே. "சரி, வாரேன் சித்தப்பா" என்று போய்விட்டாள். உலகத்துப் பாட்டையெல்லாம் வைத்திருக்கிற போனில் இல்லாதது அது ஒன்றுதான். அதைத்தான் நான் வேண்டாம் என்று வெட்டிப் போட்டிருந்தேன்.

அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், பீரோ அடியில், ஞானம் ரெக்கார்டிங்கில் பதிந்த கேசட் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் கொண்டு வாருங்கள். கேசட் ஓட்டுகிற பழைய டெக் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். பாட்டு எனக்கு வேண்டாம். தொடக்கத்தில் வருகிற அந்த நாலு வார்த்தையை எடுத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன். இந்த முறை நிஜமாகவே இரண்டு நாளில்.

கேள்விப்பட்டு இதுவரை ஏழு பேர் வந்தார்கள். நாலு நாடா அறுந்து போயிருந்தது. இரண்டின் மேல் பிள்ளைகள் வேறு எதையோ பதிந்திருந்தார்கள். போன வாரம் ராயகிரியிலிருந்து டிராக்டர் ஓட்டுகிற மாடசாமி ஒரு கேசட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். டெக்கில் போட்டதும் முதலில் இரைச்சல். பிறகு ஒரு செருமல்.

"வணக்கம். இது ராயகிரி மாடசாமிக்காகப் பதிஞ்சது. மூணாவது பாட்டு ஒமக்குப் பிடிக்காது. எனக்காக ஒரு தடவை கேளும்."

மாடசாமி தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். "பிடிக்கத்தான் இல்ல. ஆனா ஒரு தடவகூட தள்ளிவிட்டதில்ல" என்றார். நான் எஸ்தருக்குப் போன் போட்டு, டெக் பக்கத்தில் பிடித்தேன். முடிந்ததும், "இன்னொரு தடவ போடுங்க சித்தப்பா" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். எத்தனை முறை போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அவருடைய பெட்டியிலிருந்து நான் எடுத்த அத்தனை பாட்டும் இன்று எல்லாரிடமும் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது பதினொரு விநாடிதான். முன்னால் உள்ள இரைச்சலையும் அந்தச் செருமலையும்கூட வெட்டாமல் வைத்திருக்கிறேன்.